சிடியிலிருந்தே மென்பொருளை ஓட்டலாமா? ஓட்டலாம், ஆனால்…

கேள்வி கேட்டவர் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர். அவர் சொன்னதன் சுருக்கம் இது: "ஆய்வகக் கணினிகளில் எதையும் இன்ஸ்டால் செய்யும் உரிமை எனக்கில்லை, இணையமும் இல்லை. டிவிடி டிரைவ் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. வேண்டிய மென்பொருட்களை ஒரு டிவிடியில் எழுதி, நேராக அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். நோட்பேட்++ திறக்கிறது, ஆனால் மாற்றிய அமைப்பு எதுவும் அடுத்த முறை இருப்பதில்லை. பைத்தான் தொகுப்பு ஆமை வேகத்தில் திறக்கிறது. பழைய தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று திறந்த உடனே மூடிக்கொள்கிறது. டிவிடி கெட்டுப்போய்விட்டதா, இல்லை நான் எழுதிய விதம் தவறா?"

டிவிடி கெட்டுப்போகவில்லை. விண்டோஸைப் பொறுத்தவரை டிவிடி டிரைவ் என்பது இன்னொரு ஃபோல்டர்தான். அதில் இருக்கும் எக்ஸ்இ கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால், ஹார்ட் டிஸ்கில் இருப்பதைத் திறப்பது போலவே திறக்கும். படிப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் எழுதுவதில்தான். பெரும்பாலான மென்பொருட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தமக்குப் பக்கத்தில் எதையாவது எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவை. எழுத இடமில்லாத டிஸ்கில் அந்தப் பழக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு இந்த வகை. பைத்தான் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமை இல்லை என்று யாரோ முடிவெடுத்துத்தான் அந்தக் கணினிகளைப் பூட்டியிருக்கிறார்கள். ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது: ஆப்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியை அவர்கள் இயல்பான விதிகளோடு இயக்கியிருந்தால், சாதாரணப் பயனர் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஆகிய இரண்டு ஃபோல்டர்களில் இருப்பதை மட்டுமே ஓட்டமுடியும். டிவிடியில் இருப்பது "நிர்வாகி தடுத்துள்ளார்" என்ற செய்தியோடு நின்றுவிடும். அப்போது கீழே சொல்லும் எந்த உத்தியும் பலிக்காது. பொறுப்பாளர் மனது வைத்தால் சிடி, டிவிடிக்கு மட்டும் தனி விதி சேர்க்க அதில் வழி இருக்கிறது. உங்களுக்கு நோட்பேட்++ திறக்கிறது என்பதால் அந்தத் தடை இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்இ-யைக் கிளிக் செய்ததும் விண்டோஸ் அதை முழுதாக ரேமில் ஏற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் தேவையோ அதை மட்டும் தேவைப்படும்போது டிஸ்கிலிருந்து எடுக்கும். ஹார்ட் டிஸ்கில் இது தெரியவே தெரியாது. டிவிடியில் நன்றாகத் தெரியும். மென்பொருள் திறந்து சில நிமிடம் சும்மா இருந்தால் டிரைவ் சுழல்வதை நிறுத்திவிடும். அதன் பிறகு இதுவரை தொடாத ஒரு மெனுவைத் தொட்டுப் பாருங்கள். ஜன்னல் உறையும், டிரைவ் "விர்ர்" என்று எழும், சில வினாடி கழித்துத்தான் மெனு விரியும். அந்த மெனுவுக்கான நிரல்பகுதி அப்போதுதான் டிஸ்கிலிருந்து வருகிறது. இடையில் டிஸ்கை வெளியே எடுத்துவிட்டால் "டிஸ்கைப் போடு" என்று கேட்கும், அல்லது மென்பொருள் அப்படியே சரிந்துவிழும். இதற்கென்றே மைக்ரோசாஃப்டின் லிங்கரில் (நிரல்துண்டுகளை இணைத்து எக்ஸ்இ ஆக்கும் கருவி) ஸ்வாப்ரன் என்றொரு தேர்வு உண்டு. அதைப் போட்டு உருவாக்கிய எக்ஸ்இ, சிடியிலிருந்து ஓடினால் தன்னை முதலில் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் வைத்திருக்கும் ஸ்வாப் கோப்புக்கு நகலெடுத்துக்கொள்ளும். ஆனால் அது மென்பொருளை உருவாக்குபவர் கையில் இருக்கும் விஷயம், நம் கையில் இல்லை.

சரி, எழுதும் பழக்கத்துக்கு வருவோம். மென்பொருள் எதையெல்லாம் எழுதும்? அமைப்புகளை வைக்கும் ஐஎன்ஐ கோப்பு, லாக் கோப்பு, தற்காலிகக் கோப்புகள், "நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று அடையாளம் வைக்கும் பூட்டுக் கோப்பு, தரவுத்தளம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் இப்படிப் பல. ஒழுங்காக எழுதப்பட்ட புதிய மென்பொருட்கள் இவற்றையெல்லாம் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரிலும் டெம்ப் ஃபோல்டரிலும் வைக்கும். விண்டோஸ் 98 காலத்து மென்பொருட்கள் எல்லாவற்றையும் எக்ஸ்இ பக்கத்திலேயே வைக்கும். அந்தக் காலத்தில் யாரும் தடுக்கவில்லை, அதனால் யாரும் கவலைப்படவும் இல்லை. விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் இந்தப் பழசுகளுக்காக ஓர் ஏற்பாடு செய்தது: புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். இந்தக் கரிசனம் சிடிக்குக் கிடையாது. அதனால்தான் ஹார்ட் டிஸ்கில் இன்ஸ்டால் செய்தால் ஓடும் அதே பழைய விளையாட்டு, சிடியில் வைத்தால் சாகிறது.

உங்கள் சொல் விளையாட்டு எதை எழுதப்போய்ச் சாகிறது என்று ஊகிக்க வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். வீட்டுக் கணினியில், மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் புராசஸ் மானிட்டரை (மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வருவது) எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். வடிகட்டியில் விளையாட்டின் எக்ஸ்இ பெயரைக் கொடுத்துவிட்டு விளையாட்டைத் திறங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். முடிவு என்ற பத்தியில் "எழுத்துக் காப்பு" என்றோ "அனுமதி மறுப்பு" என்றோ பொருள்படும் ஆங்கில வரிகளை மட்டும் தேடுங்கள். மூடிக்கொள்வதற்குச் சற்று முன்னால் வரும் அப்படிப்பட்ட வரிதான் பெரும்பாலும் குற்றவாளி. கோப்பின் முழுப் பாதையும் அங்கேயே இருக்கும். அதிக மதிப்பெண் பட்டியலை வைக்கும் ஒரு சின்ன டேட் கோப்பாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் டிவிடி எழுதிப் பார்த்து வீணாக்க வேண்டியதில்லை. ஃபோல்டரை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்கையும் அடக்கிய ஒற்றைக் கோப்பாக, மாற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலான பர்னிங் மென்பொருட்கள் இதைச் செய்யும். விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே அது ஒரு டிரைவாகத் தோன்றிவிடும். எழுத முடியாத டிரைவ், உண்மையான டிஸ்கைப் போலவே. அங்கே ஓடாதது டிவிடியிலும் ஓடாது. அங்கே ஓடுவது டிவிடியிலும் ஓடும், வேகம் மட்டும்தான் வேறு. என்னைக் கேட்டால், இந்தப் படியைத் தாண்டாமல் எந்த டிஸ்கையும் எழுதக் கூடாது.

குற்றவாளி தெரிந்த பிறகு என்ன செய்வது? சில மென்பொருட்களிலேயே வழி இருக்கும். நோட்பேட்++ இதற்கு நல்ல உதாரணம். ஜிப் வடிவில் கிடைக்கும் பிரதியில் டூலோக்கல்கான்ஃப் என்ற பெயரில் ஒரு வெற்று எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அந்தக் கோப்பு பக்கத்தில் இருந்தால் அமைப்புகளையெல்லாம் தன் ஃபோல்டரிலேயே வைக்கும், இல்லாவிட்டால் ஆப்டேட்டாவில் வைக்கும். பென் டிரைவுக்கு முதலாவது வசதி, டிவிடிக்கு இரண்டாவது. டிவிடி எழுதுவதற்கு முன் அந்த ஒரு கோப்பை அழித்துவிடுங்கள், உங்கள் முதல் பிரச்சினை தீர்ந்தது. மாணவர் ஒரே கணினியில் ஒரே கணக்கில் உட்காரும்வரை அமைப்புகள் நிற்கும்.

ஃபயர்ஃபாக்ஸின் போர்ட்டபிள் பிரதியிலும் இப்படி ஒன்று உண்டு. ஜான் ஹாலர் 2004-இல் வெளியிடத் தொடங்கிய அந்தப் பிரதிதான் பின்னாளில் போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற பெரிய தொகுப்பாக வளர்ந்தது. அதன் ஐஎன்ஐ கோப்பில் ரன்லோக்கலி என்ற வரியை ட்ரூ (true) என்று மாற்றினால், சிடியிலிருந்து திறக்கும்போது புரொஃபைலை ஹார்ட் டிஸ்கின் தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓடும். "போர்ட்டபிள்" என்று பெயர் இருந்தாலே சிடியில் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் எழுதக்கூடிய பென் டிரைவை மனதில் வைத்துச் சூட்டப்பட்டது. பக்கத்திலேயே எழுதிக்கொள்வதுதான் அதன் அழகே. சிடிக்கு அதுவே கேடு.

மென்பொருளில் வழி இல்லையென்றால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் (batch) கோப்பை நாமே எழுதிக்கொள்ளலாம். டெம்ப் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, விளையாட்டை அங்கே நகலெடுத்து, அங்கிருந்து ஓட்டு. மூன்று நான்கு வரிகள்தான். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, டிரைவ் எழுத்து. உங்கள் வீட்டில் டி என்றால் ஆய்வகத்தில் இ ஆக இருக்கலாம், அதனால் பாதையைக் கையால் எழுதாதீர்கள். பேட்ச் கோப்பில் சதவீதக் குறி, டில்டே, பிறகு டி, பி, பூஜ்ஜியம் என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால், அந்தக் கோப்பு எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதை விண்டோஸே நிரப்பிக்கொள்ளும். இரண்டு, சிடியிலிருந்து வரும் கோப்புகள் படிக்க மட்டும் என்ற முத்திரையோடு வரும். நகலெடுத்த பிறகும் அந்த முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தால் விளையாட்டு ஹார்ட் டிஸ்கிலும் அதே இடத்தில் முட்டிக்கொள்ளும். எக்ஸ்காப்பி கட்டளை இயல்பாகவே அந்த முத்திரையை நீக்கிவிடும். ரோபோகாப்பி பயன்படுத்தினால், அதை நீக்கச் சொல்லும் சுவிட்சையும் சேர்த்துவிடுங்கள்.

"அப்படியானால் டிவிடியிலிருந்து ஓட்டுவது எங்கே போயிற்று, நகல்தானே ஓடுகிறது?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மாணவர் கண்ணுக்கு டிஸ்கைப் போட்டார், கிளிக் செய்தார், ஓடியது. இன்ஸ்டால் இல்லை, நிர்வாகி கடவுச்சொல் இல்லை. வகுப்பு முடிந்ததும் அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம். மாணவர் எதைக் கெடுத்தாலும் அடுத்த நாள் டிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். எழுதி முடித்து மூடிய டிஸ்கை வைரஸும் தொட முடியாது. நூறு பேர் கைபட்ட பென் டிரைவை ஆய்வகத்தில் சுற்றவிட்டவர்களுக்கு இந்த ஒரு குணத்தின் அருமை தெரியும்.

தரவுத்தளம் வைத்த மென்பொருட்களுக்குத் தனியாக ஒரு சொல். அகராதி, வினாவங்கி மாதிரியான பலவற்றின் உள்ளே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் இருக்கும். அது டபிள்யூஏஎல் முறையில் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை) இருந்தால், வெறுமனே படிப்பதற்கே பக்கத்தில் இரண்டு துணைக் கோப்புகளை உருவாக்கப் பார்க்கும். சிடியில் அது நடக்காது, "திறக்க முடியவில்லை" என்று கைவிரிக்கும். மென்பொருள் நீங்களே எழுதியது என்றால், எழுதும் முன் சாதாரண ஜர்னல் முறைக்கு மாற்றிவிடுங்கள். அல்லது திறக்கும்போது இம்மியூட்டபிள் என்ற குறிப்பைக் கொடுங்கள். "இந்தக் கோப்பு மாறவே மாறாது, பூட்டும் வேண்டாம் ஜர்னலும் வேண்டாம்" என்று அதற்குச் சொல்வது அது.

இனி பைத்தான். பிளஸ் டூ கணினி அறிவியலுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியது எல்லா நூலகங்களும் சேர்ந்த பெரிய தொகுப்பாக இருக்க வேண்டும். அதில் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். டிவிடி டிரைவ் பெரிய ஒற்றைக் கோப்பைப் படிப்பதில் மோசமில்லை. 52எக்ஸ் சிடி டிரைவின் உச்ச வேகம் வினாடிக்கு சுமார் 7.8 எம்பி, 16எக்ஸ் டிவிடி சுமார் 22 எம்பி. ஆனால் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் அதற்கு மலை ஏறுவது போல. லேசர் தலை நகர்ந்து, தடத்தைப் பிடித்து, வேகத்தைச் சரிசெய்ய 100 மில்லிவினாடியோ அதற்கு மேலோ ஆகும். ஹார்ட் டிஸ்கில் இதே தாவல் 10 மில்லிவினாடி அளவு. திறக்கும்போது 300 குட்டிக் கோப்புகளைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், தாவலுக்கு மட்டுமே அரை நிமிடம் போய்விடும்.

உச்ச வேகம் என்பதிலும் ஒரு சூது இருக்கிறது. டிஸ்கில் தரவு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி எழுதப்படுகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் வெளிவிளிம்பில் மட்டும்தான் கிடைக்கும், உள்வட்டத்தில் அதில் பாதிகூட வராது. கொஞ்சமாக எழுதினால் எல்லாமே உள்ளே, மெதுவான பகுதியில் போய் உட்காரும். டிரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவிக்குச் சிடி எழுதிய ஆர்வலர்கள் இதற்கு ஒரு வேலை செய்தார்கள்: முதலில் ஒன்றுமில்லாத பெரிய வெற்றுக் கோப்பை எழுதி, விளையாட்டின் தரவை வெளிவிளிம்புக்குத் தள்ளினார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. தெரிந்துகொண்டால் சுவாரசியம், அவ்வளவுதான்.

பைத்தானுக்கு இன்னொரு மறைவான சுமையும் உண்டு. ஒரு மாட்யூலை முதல்முறை இம்போர்ட் செய்யும்போது அதைத் தொகுத்து (கம்பைல் செய்து), பைகேஷ் என்ற துணை ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதைப் பயன்படுத்தி வேகமாகத் திறக்கும். எழுத முடியாவிட்டால் பிழை எதுவும் காட்டாது, பேசாமல் விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொகுக்கிறது, ஏன் மெதுவாக இருக்கிறது என்று நமக்குத் தெரிவதும் இல்லை. "முன்பே தொகுத்து எழுதினால் போதுமே" என்றால், அதிலும் ஒரு முள். மூலக் கோப்பின் தேதி நேரம் தொகுத்தபோது இருந்ததோடு துல்லியமாகப் பொருந்துகிறதா என்று பைத்தான் பார்க்கும். டிஸ்கில் எழுதும்போது நேரம் கொஞ்சம் பிசகினாலும் "இது பழசு" என்று ஒதுக்கிவிட்டு மறுபடி தொகுக்கும். பைத்தான் 3.7 முதல், தேதியைப் பார்க்காமல் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை வைக்கும் ஹேஷ் முறையில் தொகுக்கும் வசதி வந்திருக்கிறது. சரிபார்க்கவே வேண்டாம் என்னும் வகையைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இவ்வளவு மெனக்கெட மாட்டேன். பைத்தான் தளத்திலேயே எம்பெடபிள் என்ற பெயரில் சின்னத் தொகுப்பு கிடைக்கிறது. அதில் அடிப்படை நூலகம் முழுவதும் முன்பே தொகுக்கப்பட்டு ஒரே ஜிப் கோப்பாக இருக்கும். தாவலும் இல்லை, எழுதும் வேலையும் இல்லை. சிடிக்கென்றே செய்தது போல இருக்கும். குறை என்னவென்றால் அதில் நிரல் எழுதி ஓட்டும் சாளரமான ஐடில் கிடையாது, ஜன்னல்கள் வரையும் டிகின்டரும் கிடையாது. நோட்பேட்++-இல் எழுதி, கட்டளைச் சாளரத்தில் ஓட்டிப் பழகுவார்கள் என்றால் அதுவே போதும். ஐடில் கட்டாயம் வேண்டுமென்றால், பெரிய தொகுப்பை ஒரே ஜிப் கோப்பாக டிவிடியில் வைத்து, வகுப்பின் தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்கில் விரித்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கோப்பு வேகமாக வந்துவிடும், குட்டிக் கோப்புகளாகப் பிரிவது ஹார்ட் டிஸ்கில் நடக்கும்.

கோப்புப் பெயர்களைப் பற்றித் தமிழில் வேலை செய்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிடிகளின் அடிப்படைக் கோப்பு முறை ஐஎஸ்ஓ 9660, 1988-இல் தரமானது. அதன் முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். மைக்ரோசாஃப்ட் பின்னர் அதன்மேல் ஜோலியட் என்ற அடுக்கைச் சேர்த்தது. அதில் யூனிகோட் வரும், அதனால் தமிழ்ப் பெயரும் வைக்கலாம். ஆனால் வரம்பு 64. நாம் எண்ணும் எழுத்து வேறு, அது எண்ணும் எழுத்து வேறு. திருக்குறள் நமக்கு 6 எழுத்து. அதற்கு உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி, ஆக 11. நீளமான தமிழ்ப் பெயர் வைத்தால் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரம்பைத் தொட்டு, பின்பகுதி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பெயரை மென்பொருள் தேடும்போது "கோப்பு இல்லை" என்று வரும். எழுதும்போது யூடிஎஃப் என்ற புதிய கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி வெகுவாகக் குறையும். எப்படியிருந்தாலும் பாடக் கோப்புகளுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் வையுங்கள். மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்குச் சுருக்கமான ஆங்கிலப் பெயரே பாதுகாப்பு. யூனிகோட் தெரியாத பழைய மென்பொருட்கள் பாதையில் ஒரு தமிழ் எழுத்தைக் கண்டாலே தடுமாறும்.

உங்கள் சொல் விளையாட்டில் எழுத்துரு வடிவில் இன்னொரு கண்ணி காத்திருக்கலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களை (தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறைகள்) தரமாக அறிவித்தது. டிஸ்கி என்ற குறியாக்கமும் பல தனியார் குறியாக்கங்களும் கூடவே புழங்கின. அந்தக் காலத்துத் தமிழ் சிடிகள் தமக்கான எழுத்துருவை இன்ஸ்டால் செய்யும்போதே விண்டோஸில் போட்டுவிடும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் கொம்பு முளைத்த குறிகளும் தெரியும். எழுத்துருவைச் சேர்க்க முன்பெல்லாம் நிர்வாகி உரிமை வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், ஒரு பயனர் தனக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், வலது கிளிக்கில் அந்தத் தேர்வு வரும். எழுத்துருக் கோப்பையும் டிவிடியில் போட்டுவையுங்கள்.

எந்த வழியிலும் சிடியிலிருந்து ஓடாதவை சில உண்டு. டிரைவர் சேர்ப்பவை, பின்னணியில் சர்வீஸாக ஓடுபவை, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் உரிமத்தைப் பதிந்துவைப்பவை, இணையத்தில் ஆக்டிவேஷன் கேட்பவை. அலுவலகத் தொகுப்புகள், பெரிய படத்தொகுப்பு மென்பொருட்கள் பலவும் இதில் அடங்கும். அவற்றின் "சிடியில் ஓடும் பிரதி" என்று எங்காவது கிடைத்தால் அது பெரும்பாலும் உரிமம் உடைத்தது, தொடாதீர்கள். சிலவற்றுக்குக் குறை சின்னதாக இருக்கும். விசுவல் சி++ ரன்டைம் கோப்பு இல்லை என்று சொன்னால், அந்த டிஎல்எல்-களை எக்ஸ்இ பக்கத்திலேயே வைத்து எழுதினால் வேலை முடிந்தது. மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்பான டாட்நெட் 3.5 கேட்கும் மென்பொருள் என்றால் கஷ்டம். விண்டோஸ் 10-இல் அது இயல்பாகப் போட்டிருக்காது, கேட்கும்போது இணையத்தைத் தேடும்.

டிஸ்கைப் போட்டதும் தானாகத் திறக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து ஆட்டோரன் கோப்பு இதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பெயர் கெட்டுப்போய் வெகுகாலமாகிறது. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் இசைச் சிடிகள் வழியாக ரூட்கிட் (கணினிக்குள் தன்னை மறைத்துக்கொள்ளும் நிரல்) ஒன்றைக் கணினிகளில் இறக்கியது, அதை மார்க் ருஸ்ஸினோவிச் கண்டுபிடித்து வெளியிட்டது பெரிய கதை. பிறகு கான்ஃபிக்கர் புழு பென் டிரைவ் வழியே பரவியது. விண்டோஸ் 7 முதல் பென் டிரைவில் ஆட்டோரன் வேலை செய்யாது. சிடி, டிவிடியில் இன்றும் ஒரு கேள்விப் பெட்டியாவது வரும், பூட்டிவைத்த கணினிகளில் அதுவும் வராது. பேசாமல் டிஸ்கின் முதல் பக்கத்தில் பேட்ச் கோப்பை வைத்து, அதைக் கிளிக் செய்யப் பழக்குங்கள்.

லினக்ஸ் கணினியில் இதே டிஸ்கைப் போட்டு, பைனரியை (லினக்ஸுக்கான எக்ஸ்இ போன்றது) ஓட்டும்போது "அனுமதி இல்லை" என்று வந்தால் இரண்டு காரணம்தான். டிஸ்க் எதையும் ஓட்டவிடாத நோஎக்ஸெக் என்ற நிபந்தனையோடு மவுன்ட் ஆகியிருக்கும் (இணைக்கப்பட்டிருக்கும்), அல்லது லினக்ஸ் அனுமதிகளை டிஸ்கில் குறித்துவைக்கும் ராக் ரிட்ஜ் அடுக்கில் ஓட்டும் அனுமதி இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் பாஷுக்குப் பின்னால் அதன் பெயரைக் கொடுத்து ஓட்டிவிடலாம். பைனரியை ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து அனுமதி கொடுத்து ஓட்டுவதே எளிது.

மென்பொருளை மட்டும் ஏன், இயங்குதளத்தையே டிஸ்கிலிருந்து ஓட்டலாம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் வகுத்த எல் டொரிட்டோ என்ற முறைதான் கணினியைச் சிடியிலிருந்து துவக்கும் வழியைத் தரப்படுத்தியது. கிளவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், சிடியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸ், அந்த வழியை எல்லோருக்கும் காட்டியது. சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடியில் அடைத்து, படிக்கும்போது விரித்துக் கொடுத்தது. நாம் மேலே மல்லுக்கட்டிய எழுதும் பிரச்சினைக்கு இந்த லைவ் சிடிகள் கண்ட தீர்வு அழகானது: படிக்க மட்டும் முடிந்த டிஸ்கின்மேல் ரேமில் ஒரு மெல்லிய அடுக்கைப் போர்த்திவிடுவது. மென்பொருள் எழுதுவதெல்லாம் அந்த அடுக்கில் விழும், அது டிஸ்கில் எழுதியதாகவே நினைத்துக்கொள்ளும், கணினியை அணைத்தால் எல்லாம் போய்விடும். ரேம் தாராளமாக இருந்தால், துவக்கும்போது டுராம் என்று கொடுத்து மொத்த டிஸ்கையும் ரேமுக்கு ஏற்றிவிட்டு, டிஸ்கை வெளியே எடுத்துவிடலாம். அதன் பிறகு வேகம் ஹார்ட் டிஸ்கையும் மிஞ்சும். பப்பி லினக்ஸ் ஒருபடி மேலே போய், அணைக்கும் நேரத்தில் மாற்றங்களை அதே டிஸ்கில் இன்னொரு செஷனாக எழுதிவைக்கவும் வழி செய்தது.

உங்கள் ஆய்வகத்துக்கு இது பொருந்துமா? எதிலிருந்து துவங்குவது என்று தீர்மானிக்கும் பயாஸ் பூட்டப்படவில்லை என்றால், ஒரு லைவ் டிஸ்கில் பைத்தானும் ஐடிலும் தமிழ் எழுத்துருவும் எல்லாம் தயாராக இருக்கும், விண்டோஸைத் தொடவே வேண்டாம். ஆனால் விண்டோஸ் விளையாட்டு அதில் ஓடுமா என்பது, லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் ஒயின் என்ற மென்பொருளின் தயவு. 40 மாணவரும் ஒரே நேரத்தில் டிவிடியிலிருந்து துவக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பாடவேளையில் பாதி போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் இதைக் கெட்டுப்போன கணினியிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, எழுதும் விதம். விண்டோஸில் டிஸ்க் எழுதப் போகும்போது "யுஎஸ்பி டிரைவ் போல" என்றும், "சிடி/டிவிடி பிளேயரோடு" என்றும் இரண்டு தேர்வு வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் எழுதிய டிஸ்க் சில பழைய கணினிகளில் வெறுமையாகத் தெரியும். மேலும் எழுத இடம் விடாமல் மூடிவிடும் தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை எழுதுவதென்றால் வலது கிளிக்கில் இமேஜை எழுது என்ற தேர்வு வழியாகப் போங்கள். ஐஎஸ்ஓவை ஒரு சாதாரணக் கோப்பாக டிஸ்கில் இழுத்துப் போட்டுவிட்டு "துவங்கவில்லையே" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உச்ச வேகத்துக்கு ஒரு படி குறைவாக எழுதி, முடிந்ததும் சரிபார்க்கும் தேர்வை விடாமல் போடுங்கள். ஒரு படக் கோப்பில் ஒரு பைட் பிசகினால் படம் கொஞ்சம் கறை படும், எக்ஸ்இ-யில் பிசகினால் மென்பொருளே திறக்காது.

சிடியை எழுதினால் பெயர் எழுதும் பக்கத்தைத்தான் அதிகம் பாதுகாக்க வேண்டும். பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் கீறலுக்கும் தரவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. மேல்பக்கத்தில் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும், அதன் கீழே நேராகப் பிரதிபலிப்பு அடுக்கு. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதியே டிஸ்கைக் கொன்றவர்கள் உண்டு. டிவிடியில் தரவு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு, வளைத்தால்தான் ஆபத்து. சிடி மார்க்கரில் நடுவளையத்தில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ கோப்பை வீட்டுக் கணினியில் பத்திரமாக வைத்திருந்தால், ஆய்வகத்தில் இரண்டு டிஸ்க் காணாமல் போனாலும் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.